சுவரில் சான்றிதழ், மேசைக்குப் பின்னால் யார்?

டி.ஃபார்ம், பி.ஃபார்ம், ஃபார்ம்.டி முடித்துப் பதிவு செய்துகொள்ளக் காத்திருக்கும் இளம் மருந்தாளுநர்களே! இதுபோன்ற மேடைகளில் புதிய மருந்துகள், மரபணுச் சிகிச்சை, செயற்கை நுண்ணறிவு என்று எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் ஒரு பழைய சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலக்கவோ தயாரிக்கவோ எடுத்துக் கொடுக்கவோ பதிவுபெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு. மருத்துவர் தம்மிடம் வரும் நோயாளிக்குத் தாமே மருந்து கொடுப்பது அதற்கு விலக்கு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதி, சீட்டு மருந்தை மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்று மேலும் இறுக்குகிறது. இந்த இரண்டும் எழுதப்பட்டு முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் எத்தனையோ மருந்துக்கடைகளில் கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டிய சான்றிதழ் சுவரில் இருக்கிறது. அதில் பெயர் உள்ளவர் கடையில் இல்லை. புதிதாகத் தகுதி பெற்றவரின் முதல் கடமை, பெரிய கடமை, அந்த மேசைக்குப் பின்னால் தானே நிற்பது என்பதுதான் நான் சொல்ல வந்தது. மற்ற கடமைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும்.

ஏன் நிற்க வேண்டும்? மருந்தை எழுதுபவரும் மருந்தைக் கொடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். 13-ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக் மன்னர், மருத்துவர் மருந்துக்கடையில் கூட்டு வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். எழுதுகிற கைக்கு விற்பனையில் ஆதாயம் இருந்தால் எழுத்து மாறும் என்ற கவலை அதில் தெரிகிறது. தென் கொரியா இந்தப் பிரிவினையை 2000-ஆம் ஆண்டில்தான் கொண்டுவந்தது. அதுவரை அங்கே மருத்துவர்களும் மருந்து விற்றார்கள், மருந்தாளுநர்களும் தாங்களே மருந்து தீர்மானித்தார்கள். ஆன்டிபயாடிக் பயன்பாடு எல்லை மீறிப் போயிருந்தது. மருத்துவர்களின் வேலைநிறுத்தங்களையும் மீறி அரசு பிரிவினையை நடைமுறைப்படுத்தியது. இவ்வளவு பாடுபட்டுச் சமூகங்கள் உண்டாக்கிய ஏற்பாடு இது: ஒருவர் எழுதியதை, அதே மருந்துகளைப் படித்த இன்னொருவர், லாபத்தை ஒதுக்கிவைத்து, ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாமவர் இல்லாத கடையில் பிரிவினை இருந்தும் பயனில்லை. எழுதியவர் ஓரிடத்தில், விற்பவர் வேறிடத்தில். படித்துப் பார்ப்பவர் எங்கும் இல்லை.

படித்துப் பார்க்கும்போது என்ன தெரியவரும்? இரண்டே உதாரணம் சொல்கிறேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதுகிறார்கள். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. கூடவே ஃபோலிக் அமிலமும் இருக்கும். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாகவே பெரும்பாலும் வரும். சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்பது சரியாகப் படிக்கப்படாமலோ, நோயாளிக்குப் புரியாமலோ போய், அவர் தினமும் மெத்தோட்ரெக்சேட்டைப் போட்டுக்கொண்டால் சில நாட்களில் வாய் முழுக்கப் புண் வரும், எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உண்டாக்குவதை நிறுத்தும், உயிரே போகலாம். உலகின் பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பதிவான பிழை இது. இதைத் தடுக்க எந்தக் கருவியும் வேண்டாம். "எந்தக் கிழமை போடப் போறீங்க?" என்று கேட்டு, அவர் சொன்ன கிழமையை உறையின் மேல் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டாவது, வீடுதோறும் இருக்கும் குழந்தைகளின் காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். சிரப் என்றால் 5 மி.லி.யில் 125 மி.கி., அல்லது 250 மி.கி. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று வைத்துக்கொண்டால், சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி., 125 சிரப்பில் 6 மி.லி., 250 சிரப்பில் 3 மி.லி. போன தடவை 125 சிரப்பில் 6 மி.லி. கொடுத்துப் பழகிய தாய் இந்தத் தடவை அதே 6 மி.லி.யைச் சொட்டு மருந்தில் கொடுத்தால், குழந்தைக்குள் போவது நான்கு மடங்கு. அடுத்தடுத்த வேளைகளும் அப்படியே போனால் கல்லீரல் தாங்காது. மருந்தின் பெயர் ஒன்றே, கம்பெனியும் ஒன்றே, பெட்டியின் நிறமும்கூட ஒன்றாக இருக்கலாம். மேசை மீது இரண்டு புட்டிகளையும் வைத்து அளவுக் குப்பியில் கோட்டைக் காட்டிச் சொல்லுகிற ஒருவர் தேவை. எடையைக் கேட்டு, கணக்குப் போட்டு, சமையலறைக் கரண்டி வேண்டாம் என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகும்.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் முதல் மறுப்பு வரும். கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது, விளக்கிச் சொல்வது மருத்துவரின் வேலை இல்லையா என்று கேட்பார்கள். பல நாடுகளில் மருத்துவ ஆலோசனை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒப்பிட்டு 2017-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் தொடக்கநிலை மருத்துவத்தில் அது சுமார் 2 நிமிடம் என்றது. அந்த நேரத்துக்குள் நோயைக் கேட்டு, சோதித்து, எழுதி முடிக்க வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையோ, இன்ஹேலரை உறிஞ்சியபின் மூச்சைப் பத்து விநாடி அடக்க வேண்டும் என்பதையோ, இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டுமே தவிர ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதையோ அங்கே எதிர்பார்ப்பது நியாயமில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். நோயாளி கடைசியாகச் சந்திக்கும் மருத்துவப் பணியாளர் நீங்கள். நாள்பட்ட நோய் உள்ளவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே, ஏறக்குறைய பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. அதைச் சரிசெய்ய மருந்தாளுநரால் முடியுமா என்பதற்கு அமெரிக்காவின் ஆஷ்வில் நகரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1996-இல் அந்த மாநகராட்சி, நீரிழிவு உள்ள தன் ஊழியர்களைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களிடம் குறித்த நாட்களில் அனுப்பியது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. மருந்துச் செலவு கூடியது, ஏனென்றால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். ஆனால் மொத்த மருத்துவச் செலவு குறைந்தது. மருந்தாளுநரின் பேச்சுக்குக் கூலி கொடுத்தவர்களுக்கே அது லாபமாக முடிந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது, உங்களில் பலரின் மனத்திலும் இருக்கக்கூடியது. மருத்துவர் எழுதியதைக் கேள்வி கேட்க நாம் யார்? இதற்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவர் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. 65-ஆம் விதி அதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் சந்தேகம் வந்தால் நிறுத்தி, எழுதியவரைத் தொடர்புகொண்டு கேட்பது உங்கள் கடமை. 2015-ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள் சீட்டைப் பரிசீலிப்பதையும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் மருந்தாளுநரின் பணியாகவே எழுதிவைத்திருக்கின்றன. "சார், நாப்பத்தஞ்சு வயசு பேஷன்ட், ஏற்கெனவே பிரஷருக்கு இந்த மாத்திரை சாப்பிடறாங்க, கிரியாட்டினின் கொஞ்சம் கூட இருக்கு, இப்ப டைக்ளோஃபெனாக் எழுதியிருக்கீங்க, தெரிஞ்சுதான் எழுதினீங்களான்னு உறுதிபண்ணிக்கத்தான் கூப்பிட்டேன்" என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டால், பெரும்பாலான மருத்துவர்கள் கோபப்பட மாட்டார்கள். சிலர் கோபப்படலாம். அந்தக் கோபத்தைத் தாங்குவது இந்தத் தொழிலின் ஒரு பகுதி; நோயாளியின் சிறுநீரகத்தைவிட அது பெரிதல்ல. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நோயாளியின் எதிரே மருத்துவரைக் குறை சொல்லக் கூடாது. ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பேசுங்கள்.

இனி நம் ஊர்க் கடைகளில் நடக்கும் ஒன்றுக்கு வருகிறேன். "தலைவலி, உடம்பு வலி, ஜுரம், ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று வந்து நிற்பார்கள். கத்தரிக்கோலால் நான்கு அட்டைகளில் ஒவ்வொன்று வெட்டி ஒரு காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வெட்டிய துண்டில் பெயர் பாதி இருக்கும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் மறு ஓரத்தில் கடையிலேயே நின்றுவிடும். அந்த உறைக்குள் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சல் ஒரே நாளில் இறங்கிய மாதிரித் தோன்றும், கடைக்கும் நல்ல பெயர் வரும். சர்க்கரை நோயாளிக்கு அதே ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வருகிற காய்ச்சல் டெங்குவாக இருந்தால், செட்டில் உள்ள டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ இரத்தக் கசிவுக்கு வழி திறக்கும்; டெங்குவில் பாராசிட்டமால் மட்டும்தான் பாதுகாப்பு. இதைக் கண்டித்தால், ஏழைக்கு மருந்துக்கடைதான் ஆஸ்பத்திரி, மறுத்தால் அவன் எங்கே போவான் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். நூறு இருநூறு ரூபாய் ஆலோசனைக் கட்டணமும் அரை நாள் கூலியும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கிறது. ஆனால் அந்த ஏழையிடம் யாரும் எதுவும் கேட்காமல் ஸ்டீராய்டைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, வயிற்றுவலி உண்டா, சிறுநீர் போகிறதா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஐந்து கேள்வி கேட்டு, பாராசிட்டமாலை முழு அட்டையாகக் கொடுத்து, நாளைக்குக் காய்ச்சல் விடாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பாருங்கள், அங்கே காசு இல்லை என்று சொல்லி அனுப்புவதும் ஏழைக்குக் கிடைக்கும் மருத்துவம்தான். கடைக்கு வருகிறவருக்குப் படித்த ஒருவரின் தீர்மானம் இலவசமாகக் கிடைப்பது நீங்கள் அங்கே நின்றால்தான்.

ஆன்டிபயாடிக் விஷயம் இதன் நீட்சி. உலகம் முழுவதும் 2019-இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில், விற்பனையைக் கண்காணிக்க வேண்டிய மருந்துகளுக்கான எச்-1 பட்டியல் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் 46 மருந்துகள்; மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், காசநோய் மருந்துகள், பழக்கத்துக்கு அடிமையாக்கும் சில மருந்துகள். யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு காக்க வேண்டும். இங்கேதான், "நான் மறுத்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்" என்ற வாதம் வருகிறது. தனி ஒரு கடையைப் பொறுத்தவரை அது உண்மை. அதனால்தான் இது ஒரு ஆளின் நேர்மையை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்கிறேன். கேரளம் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. ஆன்டிபயாடிக்கை நீல உறையில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. விற்பனை கணிசமாகக் குறைந்ததாக அம்மாநில அரசு அறிவித்தது. எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் மறுத்தால் பக்கத்துக் கடை என்ற ஒன்று இல்லாமல் போகிறது. மருந்தாளுநர் சங்கங்கள் தங்கள் ஊரிலேயே கூடி இதைச் செய்ய முடியும். அரசு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

மருந்தாளுநரால் முடிந்தது எது, முடியாதது எது என்று காட்டும் ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். இதே நச்சு 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன்பின்தான் அந்த நாட்டின் மருந்துச் சட்டமே மாறியது. எண்பத்தெட்டு ஆண்டு கழித்தும் அதே நச்சு, அதே மாதிரி இனிப்பு மருந்தில். கடையில் இருக்கும் மருந்தாளுநரால் ஒரு புட்டியைப் பார்த்து இந்த நச்சைக் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தயாரிப்பாளரும் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தடுத்திருக்க வேண்டும். அந்தப் பழியை மேசைக்குப் பின்னால் நிற்பவர்மேல் சுமத்துவது அநியாயம். ஆனாலும் அவரால் முடிந்த வேலைகளும் இருந்தன. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. சிந்த்வாராவில் கொடுக்கப்பட்ட சிரப்பில் பாராசிட்டமாலோடு இந்த இரண்டும் இருந்தன; இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகள். வயதைக் கேட்பதும், அந்த எச்சரிக்கையை நினைவில் வைத்திருப்பதும், ரசீதில் பேட்ச் எண்ணைத் தவறாமல் போடுவதும் நம் கைக்குள் இருப்பவை. ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொல்லும் நாளில், யார் வீட்டில் அந்தப் புட்டி இருக்கிறது என்று சொல்ல அந்த ரசீது ஒன்றுதான் வழி.

இப்போது சம்பளம். இதைப் பேசாமல் கடமையைப் பற்றி மட்டும் பேசினால் உங்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். படித்து வந்தவருக்குக் கடையில் கிடைக்கும் சம்பளம் குறைவு என்பதும், அதனால் பலர் மருந்துக் கம்பெனி விற்பனைக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டு, சான்றிதழை மட்டும் மாத வாடகைக்கு ஒரு கடைச் சுவரில் மாட்ட விடுகிறார்கள் என்பதும் இந்த அரங்கில் உள்ள எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு வராமல் பெயரை மட்டும் கொடுப்பது ஒழுங்குமுறைகளின்படி தொழில் ஒழுக்கக்கேடு என்பது ஒரு பக்கம். அதன் பொருளாதாரத்தை யோசியுங்கள். கடைக்காரருக்கு இரண்டு வழி இருக்கிறது: முழு நாளும் ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுப்பது, அல்லது ஒரு காகிதத்துக்குச் சிறு தொகை கொடுப்பது. காகிதம் மலிவாகக் கிடைக்கும் வரை ஆளின் சம்பளம் காகிதத்தின் விலையோடுதான் ஒப்பிடப்படும். வாடகைக்கு விடப்படும் ஒவ்வொரு சான்றிதழும் நேர்மையாக வேலைக்கு வரும் ஒரு மருந்தாளுநரின் சம்பளத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. வாடகைச் சான்றிதழ் மாட்டிய கடையில் தவறான மருந்து போய் ஒருவர் பாதிக்கப்பட்டால், போலீசும் மருந்து ஆய்வாளரும் சுவரில் உள்ள பெயரைத்தான் தேடுவார்கள்.

இருபது வருஷம் கடையில் நிற்கும் சேல்ஸ்மேனுக்குத் தெரியாததா நேற்று படித்து வந்த பையனுக்குத் தெரியும் என்றும் சொல்வார்கள். அந்த அண்ணன்களிடமிருந்து நீங்கள் நிறையக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். எந்த மருத்துவரின் கையெழுத்து எப்படி, எந்த பிராண்டு எந்த அடுக்கில், எந்த வாடிக்கையாளருக்குக் காது கேட்காது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மரியாதையோடு கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாத இரத்த அழுத்த மாத்திரை எது, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு எந்த வலி மாத்திரை ஆபத்து என்பதை அனுபவம் மட்டும் சொல்லித் தராது. தவறு நடந்தால் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவரும் அந்த சேல்ஸ்மேன் இல்லை. ஆன்லைனில் மருந்து வாங்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்போருக்கும் சுருக்கமான பதில் உண்டு. எந்த வழியில் வந்தாலும் சீட்டைப் படித்துப் பார்க்க ஒரு மருந்தாளுநர் வேண்டும். அவர் கடையில் இருக்கிறாரா கிடங்கில் இருக்கிறாரா என்பது மட்டுமே மாறுகிறது.

தமிழ்நாட்டில் இப்போது உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு முந்தைய தலைமுறைக்கு இருந்ததில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடிப் போகிறது. அது ஒழுங்காகச் சாப்பிடப்படுகிறதா என்று பார்க்கும் வேலைக்கு இன்னும் நிறையப் பேர் தேவை. 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களில் கூட்டுறவுச் சங்கங்களோடு டி.ஃபார்ம், பி.ஃபார்ம் படித்தவர்களும் அரசு மானியத்துடன் தாங்களே கடை நடத்த வழி செய்யப்பட்டது. கடை உங்கள் சொந்தமாக இருந்தால், சீட்டில்லாத ஆன்டிபயாடிக்கை மறுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்னொரு வேலை உங்களுக்காகவே காத்திருக்கிறது. மருந்தால் வரும் பக்கவிளைவுகளைத் தொகுக்க 2010-இல் தொடங்கிய இந்தியத் திட்டம், காசியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையத்திலிருந்து நடக்கிறது. அதற்கு வரும் தகவல்கள் நம் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் குறைவு. மாத்திரை போட்ட மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு என்று காட்டிக்கொண்டு நோயாளி முதலில் வருவது பெரும்பாலும் மருந்துக்கடைக்குத்தான். நாம் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி வேறொன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம், தகவல் அங்கேயே மறைந்துவிடுகிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண், எத்தனையாவது நாளில் என்ன வந்தது, நிறுத்தியபின் குறைந்ததா என்ற விவரங்களோடு ஒரு படிவம் நிரப்பி அனுப்புங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் சொல்லலாம். மருந்துதான் காரணம் என்று நிரூபித்துவிட்டு அனுப்ப வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும். அதை மருத்துவர்தான் அனுப்ப வேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை.